களத்தில் காயப் போட்ட பாட்டுகள்

ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற என் அம்மாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அறைக்குள் சுவரின் ஈர நெடியும் வெளியே களத்தில் காய்கிற காப்பியின் புளித்த வாசனையும் கலந்திருந்தன. மேசை மேல் ஒரு கறுப்பு இசைத்தட்டு நெளிந்து நெளிந்து சுற்றிக்கொண்டிருந்தது. அன்று அம்மா அழுதாளா, சிரித்தாளா? அப்போது எனக்கு ஏழு வயது. இப்போது எனக்கே நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். இந்த மழைக்காலத்தில் அப்படி இருக்க முடியவில்லை.

நாங்கள் அப்போது ஏற்காடு மலையில், நாகலூருக்கு அருகே ஒரு காப்பி எஸ்டேட்டின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா அங்கே ரைட்டர். ஆள் பதிவது, பறித்த பழத்தை நிறுப்பது, களத்தில் காயும் காப்பியைக் கவனிப்பது என்று விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அவருக்கு வேலை இருக்கும்; வீட்டுக்கு வந்தால் பேச்சு இருக்காது. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள். அவளுக்குப் பேசப் பிடிக்கும், பேசத்தான் ஆள் கிடையாது. எங்கள் வீட்டுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், எஸ்டேட் பங்களா இருந்தது. அதில் முதலாளி தனியாக வசித்தார். அவர் வெள்ளைக்காரர் இல்லை, நம் பக்கத்துக்காரர்தான். ஆனாலும் பங்களாவில் யார் இருந்தாலும் ஆட்களுக்கு அவர் "தொரை". சாயங்காலமானால் அந்த பங்களாவிலிருந்து பாட்டு இறங்கி வரும். பனி இறங்கும் நேரமும் அதுதான் என்பதால் இரண்டும் ஒரே பொருள் என்று நான் நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்தால் பனி, காதுக்குக் கேட்டால் பாட்டு.

முதலாளி இறந்த பிறகு அவருடைய மகன் பெங்களூரிலிருந்து வந்து பங்களாவைக் காலி செய்தார். வேண்டாத சாமான்களை வெளியே பரப்பிவைத்து, எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். கட்டில் போனது, சுவர்க் கடிகாரம் போனது, கம்பளி போனது. ஊரே கேசட்டுக்கு மாறியிருந்த காலத்தில் என் அம்மா போய் ரெக்கார்ட் பிளேயரையும் அதோடு இருந்த தட்டுப் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். சேதி கேட்டு என் அத்தை ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டில் எது சரி, எது தப்பு என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

"ஏன் கண்ணு, அங்க நல்ல இட்லிப் பானை ஒண்ணு இருந்துச்சாமே?"

"இருந்துச்சுங்க அண்ணி."

"பின்ன?"

"இட்லிப் பானை பாடாதுங்களே."

அத்தை அந்தப் பதிலை மன்னிக்கவே இல்லை. எஸ்டேட் முழுக்க அம்மாவுக்கு அதற்குப் பிறகு "பாட்டுப்பொட்டிக்காரம்மா" என்று பெயர்.

பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் அமெரிக்க ப்ளூஸ் இசைத்தட்டுகள். அந்தப் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. எனக்கே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள், கூலி வேலையிலும் வெள்ளத்திலும் சிறையிலும் ரயிலடியிலும் பட்டதைப் பாடிய பாட்டுகள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அட்டைப் படங்கள்தான். ஒன்றில் கிதாரை மடியில் சாய்த்தபடி நாற்காலி நுனியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கோட்டுப் போட்டிருப்பார், ஆனால் ஷூ தேய்ந்திருக்கும். இன்னொன்றில் பெரிய தொப்பி வைத்த ஓர் அம்மாள் நம்மைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்காலிக்காரரின் தட்டுதான் அம்மாவுக்குப் பிடித்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் அவர் ஒரு தடவை இருமுவார், நாற்காலி கிறீச்சென்று அசையும். அந்த இருமலுக்காகவே நான் காத்திருப்பேன். பாட்டு யாருடையதாகவும் இருக்கலாம். இருமினால்தான் ஓர் ஆள் நம் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

பறிப்பு முடிந்து கூடையோடு போகும் பெண்கள் எங்கள் வாசலில் நின்று கேட்பார்கள்.

"ஏனுங்க ரைட்டரம்மா, இந்தாளு என்னத்துக்குங்க இப்படி அழுவறான்? பொண்டாட்டி செத்துட்டாளுங்களா?"

"இல்லைங்க, வேற ஒருத்தங்கூடப் போயிட்டாளாம்."

"அடக் கடவுளே. செத்திருந்தாக்கூட ஒரு வருஷத்துல மறந்திருப்பான்."

அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதில் பாதி ஊகம். ஆனால் அந்தப் பாட்டுகளின் கட்டுமானத்தை அவள் பிடித்துவிட்டாள். முதல் வரியைப் பாடுவார்கள். அதே வரியை மறுபடி பாடுவார்கள். மூன்றாவதாகத்தான் அதற்கு ஒரு பதில் வரும். "எதுக்கும்மா சொன்னதையே சொல்றாரு?" என்று நான் ஒருநாள் கேட்டபோது, அரிசி களைந்துகொண்டே, "ஒரு தடவ சொன்னா யாரு காதுல வாங்கறாங்க?" என்றாள். அப்பா அப்போது பக்கத்து அறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரைக் குத்திக்காட்டத்தான் சொன்னாளோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

அத்தை மட்டும் ஒவ்வொரு முறை வரும்போதும் முகம் சுளிப்பார். "நல்லா இருக்கிற ஊட்டுல எதுக்கு கண்ணு இந்த எழவுப் பாட்டு? கூப்புட்டா வந்துரும்" என்பார். அம்மா ஒருமுறை தைரியமாக, "கோயில்ல நாம பாடறதுலயும் பாதி அழுகைதானுங்களே அண்ணி" என்றாள். அத்தை யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது கர்த்தர்கிட்ட அழுவறது. இவன் யாருகிட்ட அழுவறான்?"

அந்த வருஷம் அம்மா மறுபடி உண்டானாள். மழை தொடங்கியபோது அவளுக்குக் கால் வீங்கியது. ரத்த அழுத்தம் அதிகம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது என்று டாக்டர் சொன்னதால் சேலத்தில் இருந்த அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சமைத்துப் போட அத்தை வந்தார். மழை விடவே இல்லை. குவார்ட்டர்ஸின் சுவர்கள் வியர்த்தன, துவைத்த துணி நாற்றமெடுத்தது, உப்பு ஜாடிக்குள் உப்பு கரைந்தது. பாட்டுப்பொட்டியை யாரும் தொடவில்லை. அம்மா ஞாபகம் வந்து ஒருநாள் நான் தட்டுப் பெட்டியைத் திறந்தபோது, நாற்காலிக்காரரின் முகத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்து, தாடி வளர்ந்தது போல இருந்தது. தட்டுகளிலும் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். நான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு "ம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு எஸ்டேட் ஆபீசுக்கு சேலத்திலிருந்து போன் வந்தது. ஆண் குழந்தை. பிறந்தபோதே மூச்சு இல்லை. அப்பா ஆபீசிலிருந்து நடந்து வந்து, மழைக்கோட்டைக் கழற்றாமல் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சிமெண்ட் தரை கறுத்தது. அத்தை ஜெபம் செய்தார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தொட்டில் கட்டுவதற்காக மேலே மாட்டியிருந்த புதுக் கயிற்றை அத்தை அவிழ்த்துச் சுருட்டியபோதுதான் புரிந்தது.

அம்மாவை அழைத்து வருவதற்கு முந்தைய வாரத்தில் மழை நின்று வெயில் வந்தது. களம் நிறையக் காப்பி. எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மழைக்குப் பிறகு வருகிற முதல் வெயிலில் ஒரு வெறி இருக்கும். காய வேண்டியது அத்தனையையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவோம், காப்பி, மிளகு, மெத்தை, செருப்பு, ஜெபப் புத்தகம். அப்பாவும் அன்று காலையில் தட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு தட்டையும் துடைத்தார். களத்தின் ஒரு மூலையில், பரப்பியிருந்த காப்பியின் மேலேயே சுத்தமான சாக்குகளை விரித்து, தட்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் வரிசையாகப் படுக்கவைத்தார். அட்டைகளைக் கொடிக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினார். நாற்காலிக்காரரும் தொப்பி அம்மாளும் எங்கள் உள்பாவாடைகளுக்குப் பக்கத்தில் காற்றில் ஆடினார்கள். காப்பி புரட்ட வந்த பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, இது எப்பங்க காயும்?"

"சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும்."

"காஞ்சதும் மூட்டை புடிச்சுரலாங்களா?"

அவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மத்தியானம் காப்பியைப் புரட்டிவிடும் நேரத்தில், இரண்டு பக்கமும் சமமாகக் காய வேண்டும் என்று ஒவ்வொரு தட்டாக எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டார். அந்தக் கறுப்பு வட்டங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சூரியன் மினுங்கியதும், அப்பா அவற்றின் நடுவே குந்தி உட்கார்ந்திருந்ததும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. தம்பிக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. பார்த்தது இதைத்தான்.

பொழுது சாய்ந்தபோது தட்டுகள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. அப்பா ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையால் அழுத்தினார். தரையில் வைத்தால் ஒரு பக்கம் எழும்பியது, அதை அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. எல்லாவற்றையும் அட்டைக்குள் போட்டு, மேலே ஒரு பலகையும் பலகை மேல் குழவிக் கல்லும் வைத்தார். காலையில் எடுத்துப் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தன. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். "காஞ்சிருச்சு" என்றார்.

அம்மா வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, அப்பாவுக்கு முன்னால் வேகமாக நடந்து வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். நாட்கள் போயின. அத்தை அவளுக்குக் கஞ்சி கொடுப்பார், பாதி திரும்பி வரும். அத்தை அவள் மார்பில் துணியை இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டதை நான் பார்த்தேன். அது எதற்கு என்று என் மகள் பிறந்து எனக்குப் பால் சுரந்தபோதுதான் விளங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். "வயசு இருக்குதுங்க, இன்னொண்ணு பொறக்கும்." "ஆண்டவர் சித்தம் கண்ணு." "மூத்தது இருக்குதல்லங்க, அதைப் பாத்து மனச தேத்திக்குங்க." மூத்ததான நான் மூலையில் நின்று, எப்படி நடந்துகொண்டால் அம்மாவின் மனது தேறும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் யாராவது வருத்தமாக இருந்தால் என் கைகள் அப்படித்தான் பரபரக்கின்றன.

ஒரு மத்தியானம் அம்மா தானாக எழுந்தாள். நாற்காலிக்காரரின் தட்டை உருவி எடுத்து, அதன் நெளிவைப் பார்க்காமலே சுற்றவிட்டு, ஊசியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கிதார் தொடங்கியது. தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஊசி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்க, கூடவே சுரமும் மேலே போய்க் கீழே சரிந்தது. பிறகு அவர் பாட ஆரம்பித்தார். சேலத்திலிருந்து மேலே வருகிற பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் முனகுவது போல அவர் குரல் ஏறித் திணறி, சரிந்து, மறுபடி ஏறியது. ஒரு வார்த்தை நேராக நிற்கவில்லை. அம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

அத்தையும் நானும் வாசற்படியில் நின்றோம். களத்திலிருந்து பாட்டைக் கேட்டுவிட்டு அப்பாவும் வந்து எங்கள் பின்னால் நின்றார்.

"அழுவறா. நிறுத்தச் சொல்லு தம்பி" என்றார் அத்தை, ரகசியமாக.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லைக்கா, சிரிக்கறா."

"புள்ளயப் பறிகுடுத்தவ எங்காச்சும் சிரிப்பாளா?"

பாட்டு முடியும் தருவாயில் இருந்தது. அம்மா திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"யாருங்க இதக் காயப் போட்டது?"

"நான்தான்" என்றார் அப்பா.

"எங்கீங்க, களத்துலயா?"

"ம்."

"பொரட்டிப் போட்டீங்களா?"

"மத்தியானம் ஒருக்கா."

அடுத்த பாட்டுக்கு முந்தைய அந்த இருமல் வந்தது; அதுவும் நெளிந்து, ஆட்டுக்குட்டி கத்துவது போல வந்தது. "நல்லாத்தான் காஞ்சிருக்குதுங்க" என்றாள். தோள்கள் மறுபடி குலுங்கின. அவள் முகத்தை எங்களில் யாரும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் சோறு சாப்பிட்டாள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது எனக்கு இப்போது தெரியும், பசித்தால் சாப்பிடுவார்கள்.

அதற்குப் பிறகு அம்மா அந்தத் தட்டுகளை அப்படியேதான் கேட்டாள். ஊசி எகிறாமல் இருக்க அதன் தலையில் ஒரு நாணயத்தை ஒட்டிவைத்தாள். மழைக்காலம் வந்தால் சில வாரங்கள் பேச்சு குறைந்துவிடும், படுத்துக்கொள்வாள், எழுந்து பாட்டு போடுவாள், மறுபடி படுத்துக்கொள்வாள். வெயில் வந்ததும் பழையபடி ஆகிவிடுவாள், அல்லது ஆகிவிட்டது போல இருப்பாள். இன்னொரு பிள்ளையும் பிறந்தான், என் தம்பி, நல்லபடியாகவே. ஆனாலும் மழை வந்தால் அவள் போய்விடுவாள். அந்தப் பாட்டுகள்தான் அவளைத் தின்றன என்பது அத்தையின் கட்சி. அவை இல்லாவிட்டால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்பது அப்பாவின் கட்சி. நான் கல்லூரியில் இருந்தபோது அம்மா இதய நோயில் இறந்துபோனாள். கடைசிவரை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்த நாளை ஞாபகப்படுத்தியது போல ஆகிவிடுமே என்று பயம்.

என் மகள் பிறந்த பிறகு பல மாதங்கள் நான் காரணமில்லாமல் அழுதேன். பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், சரியானது. ஆனால் அந்த மாதங்களில்தான் ஒருநாள் போனில் அந்த நாற்காலிக்காரரின் ஆல்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். போட்டுக் கேட்டபோது திடுக்கிட்டேன். அவர் அழவே இல்லை. குரல் நேராக, நிதானமாக, சில இடங்களில் கொஞ்சம் கேலியாகக்கூட இருந்தது. வீட்டை வெள்ளம் கொண்டுபோனதை, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னார். நான் சிறுவயதில் கேட்டு நடுங்கிய அந்த விம்மல், அவருடையது அல்ல. எங்கள் களத்து வெயிலுடையது. அப்பா புரட்டிப் போட்டது. அந்த இருமலும் இல்லை. புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்டபோது இருமலையும் நாற்காலிச் சத்தத்தையும் துடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஏமாந்த மாதிரி இருந்தாலும் நான் அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்தக் காலத்தில் யார் இந்தப் பழைய ஆல்பங்களைக் கேட்கிறார்கள் என்று என் கணவர் கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். அவருக்கு என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்தத் தட்டு மட்டும்தான் சொல்லவில்லை. இன்னொன்று பிறக்கும் என்று அது சொல்லவில்லை. போனது போனது என்றது. போனது போனது என்று இன்னொரு முறையும் சொன்னது. மூன்றாவதாக, நாளைக்கும் வேலைக்குப் போகணும் என்றது. நம்மிடம் இருக்கிற பாட்டுகளில் பெரும்பாலானவை சந்தோஷமாக இரு என்கின்றன, அல்லது சேர்ந்து அழு என்கின்றன. துக்கத்தோடு காலையில் எழுந்து பல் தேய்ப்பது எப்படி என்று இவைதான் சொல்கின்றன. அதுவும் ஆல்பமாகக் கேட்க வேண்டும், ஒரு பக்கம் முழுக்க. மூன்று சோகத்துக்குப் பிறகு குறும்பாக ஒன்று வரும், அந்த வரிசைக்கும் ஓர் அர்த்தம் உண்டு. போனில் ஒரு பாட்டு முடிந்தால் யாரோ ஒருவர் தலைவலி மருந்து விற்க வந்துவிடுகிறார்.

இதெல்லாம் எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. போன மாதம் நாகலூரில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் என் மகளுக்குப் பழைய தட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதிலிருந்து அவள் அதே நெளிவோடு பாடுகிறாள். பாடும்போது தலையும் ஏறி இறங்குகிறது. பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது, தனியாக விளையாடும்போது, வார்த்தை இல்லாமல் அந்த இழுவை. ஒருநாள் அவளுடைய நர்சரி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். பாப்பா மூலையில உக்காந்து ஒரு மாதிரி சோகமா இழுத்து இழுத்துப் பாடுதுங்க. ஊட்டுல எதாச்சும் பிரச்சினைங்களா?" ஒன்றுமில்லை, பழைய பாட்டு ஒன்று என்று உளறிவிட்டு வந்தேன். அதை அத்தையிடம் சொன்னதுதான் இன்னும் பெரிய தவறு. அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஆனால் குரல் அதேதான். "உங்கம்மாளுக்கு வந்துச்சு. உனக்கு வந்துச்சு. இப்ப புள்ளைக்குமா கண்ணு? நான் சொல்லும்போது நீங்க யாரு கேட்டீங்க?"

மகள் வருத்தமாக இருக்கிறாளா, பாடுகிறாளா? நான் அவளை இப்போதெல்லாம் கதவு இடுக்கிலிருந்து பார்க்கிறேன். வருத்தம் ரத்தத்தில் வருமா, காது வழியாக வருமா? அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சண்டை போடுகிறாள். அதனால் ஒன்றும் இல்லை என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் பயமாக இருக்கிறது.

இதற்கிடையில் அப்பா போன் செய்தார். எஸ்டேட்டை விற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த பங்களா இப்போது விடுதி, களத்தில் கார்களை நிறுத்துகிறார்கள், நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் நீச்சல் குளம். அந்த விடுதிக்காரர் அப்பாவிடம் வந்து, சுவரில் மாட்ட அந்தத் தட்டுகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "அழகா வளைஞ்சிருக்குதுங்களே, இதை எங்க குடுத்து வளைச்சீங்கன்னு கேக்கறாரு கண்ணு" என்றார் அப்பா. சிரித்தாரா என்று போனில் தெரியவில்லை. "உனக்கு வேணும்னா வெச்சுக்க. வேண்டாம்னா குடுத்தர்றேன். நீ சொல்றதுதான்." அடுத்த முறை வந்தபோது பெட்டியையும் பிளேயரையும் கொண்டுவந்து என்னிடமே விட்டுவிட்டுப் போனார், யோசித்துச் சொல் என்று. ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வாடகை வீட்டில், பீரோவின் மேல், மகளுக்கு எட்டாத உயரத்தில் அதை வைத்தேன்.

போன வாரம், மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானத்தில், மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் பெட்டியை இறக்கினேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்றுதான். திறந்ததும் அதே பூசண வாசனை. ஊசியின் தலையில் அம்மா ஒட்டிய நாணயம் அப்படியே இருந்தது. நாற்காலிக்காரர் ஏறினார், திணறினார், சரிந்தார். இருமல் வந்தது, ஆட்டுக்குட்டி மாதிரி. துடைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நான் நினைத்த அந்த ஆள், வெயிலில் நெளிந்துபோய் என் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பக்கம் முடிந்து தட்டு நின்ற பிறகும் என் தோள்கள் குலுங்குவது எனக்கே தெரிந்தது.

"அம்மா, நீ அழுவறியா, சிரிக்கறியா?"

மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், கலைந்த தலையோடு. நான் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியும் என்று தோன்றவில்லை.

"தெரியல சாமி" என்றேன்.

அவள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மேசைப் பக்கம் வந்து, நின்றுபோன தட்டைப் பார்த்துவிட்டு, "அப்ப இன்னொரு தடவ போடு. நான் பாத்துச் சொல்றேன்" என்றாள்.

நான் போடவில்லை. பால் காய்ச்ச வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். பெட்டி மறுபடி பீரோ மேல் இருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மழை எப்படி என்று மட்டும் கேட்கிறார். மகள் தினமும் பீரோவை அண்ணாந்து பார்க்கிறாள். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், ஒரு துக்கத்தோடு பல வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களும் இருப்பீர்கள். நான் போட்டிருக்க வேண்டுமா? ஒரு பிள்ளைக்கு முன்னால் தெரியவில்லை என்று சொல்லலாமா? உங்களுக்குத் தோன்றுவதைத் தயவுசெய்து எழுதுங்கள். அவள் மறுபடி கேட்பாள்.